தேசம்மா அக்காவும் பூஜைத் தட்டிலிருந்த பிளாப்பியும்

செவ்வாய்க்கிழமை காலை ஒரு கூட்டத்தில் இருந்தபோது என் கைபேசியில் "தேசம்மா அக்கா" என்று பெயர் ஒளிர்ந்தது. நான் எடுக்கவில்லை. "பிறகு பேசுகிறேன்" என்ற தயார்ச் செய்தியை அனுப்பிவிட்டுக் கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன். கூட்டம் முடிந்து அழைத்தபோது பேசியது அவர்களுடைய மகள் கவிதா. விடியற்காலையில் நெஞ்சுவலி வந்து, பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அக்கா போய்விட்டார்கள். நான் அனுப்பிய செய்தி அவர்கள் இல்லாத கைபேசியில் போய் உட்கார்ந்திருந்தது. அவர்களிடம் நான் "பிறகு" என்று சொன்னது அது முதல் முறையும் அல்ல.

கும்மிடிப்பூண்டியில் எங்கள் இரும்பு ஆலையில் அக்காவை ஸ்டோர்ஸில் பார்த்தவர்களே இன்று அதிகம். அலமாரிகளுக்கு நடுவே நின்றபடி கையுறையும் பூட்ஸும் எடுத்துக் கொடுத்த அக்கா என்றுதான் அவர்களுக்குத் தெரியும். அதற்கு முன்பு அக்கா, வாசலில் லாரிகளைச் சரக்கோடு நிறுத்தி எடை போடும் எடைமேடையின் அரசி. கண்ணாடி அறையில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு மைக். மைக்கில் ஒருமுறை தொண்டையைக் கனைத்துவிட்டு லாரி எண்ணைக் கூப்பிடுவார்கள். அந்தக் கனைப்பைக் கேட்டதுமே தூங்கிக்கொண்டிருந்த டிரைவர்கள் எழுந்துவிடுவார்கள். ஆந்திராவிலிருந்து வரும் டிரைவர் ஒருவர், எடை குறைவாகக் காட்டுகிறது என்று தினமும் சண்டை போடுவார். "நைனா, நீ நேத்து துன்ன பிரியாணியையும் சேத்து எட போட்டாச்சி, எறங்கு" என்று மைக்கிலேயே சொல்வார்கள். வரிசை முழுவதும் சிரிக்கும், அவரும் சிரிப்பார்.

பழவேற்காட்டுப் பக்கம் ஏரியில் மீன் பிடிக்கும் குடும்பம் அவர்களுடையது. அந்தக் குப்பத்திலிருந்து பிளஸ் டூ முடித்துக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த முதல் பெண். பஸ்ஸில் பொன்னேரி வந்து, அங்கிருந்து ரயில். நான் கல்லூரி முடித்த கையோடு ஆலையின் கம்ப்யூட்டர்களைக் கவனிக்கும் தற்காலிக வேலையில் சேர்ந்தபோது, மாலையில் திரும்பும் ரயிலில், பெண்கள் பெட்டியில் எனக்கு இடம் போட்டு வைத்தவர்கள் அவர்கள்தான்.

அந்த வருட ஆயுத பூஜையை நான் மறக்க முடியாது. பிளாப்பி என்ற சின்னச் சதுரத் தகட்டில் கணக்கைப் பதிந்து எடுத்துப்போன காலம் அது. எங்கள் மேனேஜர் பக்திமான். சுத்தியலும் ஸ்பேனரும் சாமி முன் இருக்கும்போது பிளாப்பி மட்டும் ஏன் இழுப்பறையில் கிடக்க வேண்டும் என்று கேட்டு, எல்லாப் பிரிவுகளின் பிளாப்பிகளையும் ஒரே தட்டில் அடுக்கச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் இட்டார்கள். ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டுகள் சந்தனத்துக்கு அடியில் போயின. கற்பூரம் காட்டியதும், அணைத்து வைத்திருந்த கம்ப்யூட்டர் ஒவ்வொன்றிலும் ஒரு பிளாப்பியை அவரே தம் கையால் செருகினார். மறுநாள் சாமியிடமிருந்து வந்ததோடுதான் வேலை தொடங்க வேண்டுமாம்.

மறுநாள் அக்கா சுவிட்சைப் போட்டார்கள். உள்ளே பிளாப்பி இருந்தால் அந்தக் கால கம்ப்யூட்டர் முதலில் அதைத்தான் படிக்கும். அதிலிருந்த வைரஸ், கம்ப்யூட்டர் விழித்ததும் பார்க்கும் முதல் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. பிளாப்பியை எடுத்துவிட்டு மறுபடி சுவிட்சைப் போட்டால் கறுப்புத் திரை. மூலையில் கர்சர் மட்டும் கண் சிமிட்டியது.

நான் ஓடினேன். எழுத முடியாதபடி தாழ் தள்ளிய சுத்தமான பிளாப்பியைப் போட்டுக் கம்ப்யூட்டரை எழுப்பினேன். எழுந்தது, ஆனால் ஹார்டு டிஸ்க் என்று ஒன்று இருப்பதாகவே அதற்குத் தெரியவில்லை. அந்த வருடத்தின் எடைக்கணக்கு முழுவதும் அதில்தான் இருந்தது. முதல் இடத்தைப் புதிதாக எழுதிவிடும் கட்டளை ஒன்று உண்டு. பல வைரஸ்களுக்கு அது போதும். ஆனால் சில வைரஸ்கள் டிஸ்க்கின் வரைபடத்தை வேறிடத்தில் ஒளித்துவைத்திருக்கும். அவசரப்பட்டு எழுதிவிட்டால் அந்த வரைபடத்துக்குப் போகும் வழி போய்விடும். எது வந்திருக்கிறது என்று கண்டுபிடிக்காமல் கைவைக்கக் கூடாது. லாரி வரிசை நெடுஞ்சாலை வரை போயிருந்தது. மேனேஜர் பின்னால் நின்று, எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடு என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அக்கா கையால் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார்கள். நிமிராமலேயே சொன்னார்கள்: "சுமதி, நீ அவசரப்படாத. வல சிக்கிகினா அறுத்துட்டா வருவாங்க? குந்திகினு ஒண்ணொண்ணா எடு. லாரிக்காரன நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டார்கள். மைக்கில் கனைத்து, திட்டி, சிரிக்கவைத்து, அத்தனை பேரையும் பிடித்துவைத்திருந்தார்கள். வைரஸை இனம் காணும் மென்பொருளைத் தலைமை அலுவலகத்திலிருந்து வரவழைத்து ஓட்டினேன். ஒளித்துவைத்த வரைபடத்தை அது எடுத்துப் பழைய இடத்தில் வைத்தது. பிற்பகலில் கம்ப்யூட்டர் விழித்தது. ஒரு எடை கூடத் தொலையவில்லை. அக்கா என் கன்னத்தைத் தட்டி டீ சொன்னார்கள்.

டீ வருவதற்குள் மேனேஜர் கேட்டார், வைரஸ் எங்கிருந்து வந்தது என்று. பிளாப்பி என் கையில் இருந்தது. சந்தனத்தைச் சுரண்டிப் பெயரையும் பார்த்திருந்தேன். அது சரக்கு அனுப்பும் டெஸ்பாட்ச் பிரிவினுடையது. செருகியவர் என் எதிரில் நின்றார். என் தற்காலிக வேலையை நீட்டிக்கக் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவர்தான்.

"இவங்க மெஷின்ல இருந்த பிளாப்பிலேர்ந்து சார்" என்றேன்.

அதில் பொய் இல்லை. அதற்குப் பிறகு ஒரு வாக்கியம் இருந்தது. அதை நான் சொல்லவில்லை. அக்கா என்னைப் பார்த்தார்கள். நான் கீபோர்டைப் பார்த்தேன். பூஜையில் இருந்த எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் வாய் திறக்கவில்லை. அடுத்த வாரம் அக்காவை ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள். மெஷினைக் கெடுத்தவர் என்ற பெயரும் கூடவே போனது. என் வேலை நிரந்தரமானது.

நான் ரயிலில் பெட்டி மாறி ஏற ஆரம்பித்தேன். அக்கா சில நாள் விட்டுவைத்தார்கள். பிறகு ஒரு காலை, மீஞ்சூரில் நான் ஏறி வரும் ரயிலில், பொன்னேரியில் நான் இருந்த பெட்டியைத் தேடி ஏறினார்கள். இறால் வடைப் பொட்டலத்தை என் மடியில் வைத்து, "நாஷ்டா துன்னியா?" என்றார்கள். நான் அழுதேன். முழுவதும் சொல்லியிருக்க வேண்டும் என்றேன்.

"சொல்லியிருந்தா இன்னா ஆயிருக்கும்? சாமி கோச்சிகினு இருக்காது, மேனேஜருதான் கோச்சிகினு இருப்பாரு" என்று சிரித்தார்கள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "என்கிட்ட சொல்லி இன்னாம்மா பண்றது, எனக்குதான் தெரியுமே. உன் வாய்க்குள்ள ஒரு பிளாப்பி மாட்டிகினு கீது. அத்த எடுத்தாதான் நீ ஸ்டார்ட் ஆவ" என்றார்கள்.

மேனேஜர் மாறட்டும், பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். மேனேஜர் மாறினார். நான் கம்ப்யூட்டர் பிரிவின் தலைமைக்கு வந்தேன். எடைமேடைக்குப் புதுக் கருவி வைக்கப்பட்டது, அதை வைத்தவளும் நான்தான். அந்த நாற்காலிக்கு ஆள் கேட்டபோது அக்காவின் பெயரைச் சொன்னேன். "அவங்களா? மெஷினக் கெடுத்தவங்களாச்சே" என்றார் யாரோ. அப்போதும் அந்த இரண்டாவது வாக்கியம் என் வாயிலிருந்து வரவில்லை. அக்கா ஸ்டோர்ஸிலேயே ஓய்வு பெற்றார்கள். பிரிவு விழாவில் பேசச் சொன்னபோது மைக்கைக் கையில் வாங்கிக் கனைத்தார்கள். பிறகு ஒன்றும் பேசாமல் கொடுத்துவிட்டார்கள்.

குப்பத்தில் அவர்களைக் கிடத்தியிருந்தபோது கவிதாவைத் தனியே அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியும் சித்தி. அம்மா சொல்லிகீது. 'அவளா ஒருநாள் எல்லார்கிட்டயும் சொல்லுவா, நீயா போய் கேக்காத'ன்னு."

அத்தனை வருடமும் அவர்கள் காத்திருந்திருக்கிறார்கள்.

ஆகவே, ஆலையில் இருந்தவர்களும் இருப்பவர்களும் படிக்கும் இந்த இதழில் சொல்கிறேன். எடைமேடைக் கம்ப்யூட்டரைக் கெடுத்தவர் தேசம்மா அக்கா அல்ல. அந்தப் பிளாப்பி அவர்களுடையது அல்ல, அதைச் செருகியதும் அவர்கள் கை அல்ல. அன்று அந்த ஆலையை நிற்காமல் ஓட்டியது அவர்கள் குரல். இது அன்றே எனக்குத் தெரியும்.

இப்போது எடைமேடையில் பதிவு செய்த குரல் ஒன்று லாரி எண்களைச் சொல்கிறது. தவறே செய்யாத குரல். நேற்று மாலை அங்கே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு எண்ணுக்கும் முன்னால் ஒரு கனைப்புக்காக என் காது காத்திருந்தது.

போய் வாருங்கள் அக்கா. பிளாப்பியை எடுத்துவிட்டேன்.