மூன்றாவது குறிக்கோள்

எங்கள் கல்லூரியில் யாரும் எடுக்க விரும்பாத பாடம் கெஸ்ட் லெக்சரர் தலையில்தான் விழும். 'எழுத்து, அறம், தலைமைப் பண்பு' என்ற புதுப் பாடம் அப்படித்தான் என்னிடம் வந்து சேர்ந்தது. மூன்றும் சேர்ந்து ஒரே பாடம். வாரத்துக்கு மூன்று வகுப்பு, மூன்றுமே காலை முதல் மணி. கோலார் தங்கவயலில், ராபர்ட்சன்பேட்டையில் இருக்கிற எங்கள் கல்லூரிக்கு அந்த நேரத்தில் பாதிப் பிள்ளைகள் வந்து சேர மாட்டார்கள் என்பது டைம்டேபிள் போட்டவருக்கும் தெரியும். நிரந்தர வேலையில் இருப்பவர்கள் பத்து மணிக்கு மேலான வகுப்புகளை எடுத்துக்கொண்டு மிச்சத்தை என் பக்கம் தள்ளினார்கள். நான் பதினோரு வருடமாக கெஸ்ட். பதினோரு வருடம் ஒரு வீட்டில் விருந்தாளியாக இருந்தால் பாத்திரம் தேய்க்கத்தான் சொல்வார்கள்.

பாடம் தொடங்குமுன் அதன் குறிக்கோள்களை எழுதித் தரவேண்டும் என்றார் துறைத்தலைவர். ஐந்து குறிக்கோள். கூடவே ஒரு தாளையும் கொடுத்தார். எந்தெந்த வினைச்சொற்களைப் பயன்படுத்தலாம் என்ற பட்டியல் அது. 'அறிந்துகொள்வார்', 'உணர்வார்' என்றெல்லாம் எழுதக் கூடாதாம், அதை அளக்க முடியாதாம். 'எழுதிக் காட்டுவார்', 'வேறுபடுத்துவார்', 'செய்து காட்டுவார்' என்றால் சரியாம். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன், இப்போது சொல்லவே வெட்கமாக இருக்கிறது, சந்தோஷமாக எழுதினேன். முதல் இரண்டும் மொழி பற்றியவை. நாலாவதும் ஐந்தாவதும் தலைமை பற்றி, எல்லாக் கல்லூரியிலும் இருப்பவைதான். மூன்றாவது மட்டும் என்னுடையது: 'மாணவர் தான் செய்த ஒரு தவற்றை, பிறர்மேல் பழி போடாமல், தன் எழுத்தில் ஒப்புக்கொண்டு காட்டுவார்.'

துறைத்தலைவர் அதை இரண்டு முறை படித்தார். "நல்லாத்தான் கீது. இதுக்கு எவிடென்ஸ் இன்னா காட்டுவீங்க?" என்று கேட்டார்.

எழுதச் சொல்லி வாங்குவேன் என்றேன். அப்படியே செய்தேன். செமஸ்டரின் நடுவில் ஒரு நாள் கரும்பலகையில் ஒரே ஒரு வரி எழுதினேன்: நான் செய்த ஒரு தவறு. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "பயப்படாதீங்க. இது உங்களுக்கும் எனக்கும் நடுவுல. வேற யாரும் படிக்க மாட்டாங்க" என்று நான்தான் சொன்னேன். என் வாயால் சொன்னேன்.

அந்த வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் பக்கத்து ஊரிகத்திலிருந்து வரும் ஒரு பெண் உட்காருவாள். ஒரு நாளும் தாமதமாக வந்தது கிடையாது. அவள் பக்கத்து வீட்டுத் தோழியும் அதே வகுப்புதான், ஆனால் முதல் மணிக்கு அவளால் வர முடியாது. தோழியின் அப்பா சுரங்கத்தில் இருந்தவர், கல் தூசியில் நுரையீரல் போய்ப் படுக்கையில் கிடக்கிறார். பக்கத்தில் எப்போதும் ஓர் ஆள் வேண்டும். அம்மா பெங்களூரில் ஓர் ஆபீசில் துப்புரவு வேலைக்கு விடியற்காலை ரயிலைப் பிடிக்கிறாள். அண்ணன் அதே பெங்களூரில் இரவுக் காவல் முடித்துக் காலை ரயிலில் திரும்புகிறான். ஒருத்தி போய் ஒருவன் வருவதற்கு நடுவில் இருக்கிற அந்த இடைவெளியில் என் வகுப்பு மாட்டிக்கொண்டது.

வருகைத் தாள் பெஞ்ச் பெஞ்சாகக் கை மாறி வரும். ஊரிகத்துப் பெண் தன் கையெழுத்தைப் போட்டுவிட்டுத் தோழியுடையதையும் போடுவாள். இரண்டாவது வாரமே எனக்குத் தெரியும். தலையை எண்ணினால் ஒன்று குறையும், கையெழுத்தை எண்ணினால் சரியாக இருக்கும். ஒரு நாள் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போய், "இன்னாம்மா, ரெண்டு கையெழுத்தும் ஒட்டிப் பொறந்த மாதிரி கீதே?" என்று மெதுவாகக் கேட்டேன். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு குனிந்தாள். நான் சிரித்துக்கொண்டே போய்விட்டேன். வருகை குறைந்தால் அந்தத் தோழியைத் தேர்வு எழுத விட மாட்டார்கள். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்பதற்கு எந்த விதியிலும் சலுகை இல்லை. கண்டும் காணாமல் இருப்பது பெரிய மனசு என்று அன்றைக்கு எனக்கு என்னைப் பற்றியே கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

கட்டுரைகள் வந்தன. பரீட்சையில் பார்த்து எழுதியது, அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டு சினிமாவுக்குப் போனது என்று வழக்கமான சரக்கு. அவளுடையதை எடுத்தேன். ஒன்றரைப் பக்கம், அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷில். கையெழுத்து விஷயத்தைத்தான் எழுதியிருந்தாள். தோழியின் பெயர், என் வகுப்பு, முதல் மணி, எல்லாம் இருந்தது. ஏன் அது தவறாகத் தோன்றவில்லை என்பதற்கு அவள் சொன்ன காரணம் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் வளர்ந்த யாருக்கும் புரியும்.

எங்கள் லைன் வீடுகளில் குழாயில் தண்ணீர் வருவது நாள் கணக்கில். வருகிற அன்று விடியுமுன்னே குழாயடியில் குடங்கள் வரிசை கட்டி நிற்கும். வேலைக்குப் போனவள், பிள்ளை பெற்றவள், காய்ச்சலில் கிடப்பவள், யாராக இருந்தாலும் அவள் குடத்தைப் பக்கத்து வீட்டுக்காரி கொண்டுபோய் வைத்துவிடுவாள். குடம் இருந்தால் ஆள் இருக்கிறாள் என்று அர்த்தம். 'அவ எங்கே, இங்க இல்லியே' என்று கேட்பவள் லைனில் வாழ முடியாது. எல்லாவற்றுக்கும் சண்டை போடுகிற எங்கள் ஜனங்கள் அடுத்தவள் குடத்தை மட்டும் தள்ளி வைக்க மாட்டார்கள். நானும் சின்ன வயதில் மூன்று வீட்டுக் குடம் வைத்தவள்தான்.

அவள் எழுதியிருந்தாள்: 'தாளில் அவளுக்காகக் கையெழுத்துப் போட்டது எனக்குக் குடம் வைத்தது மாதிரிதான் இருந்தது. இந்த வகுப்புக்கு வந்த பிறகு யோசித்தேன். குடம் வைத்தால் அவளுக்குத் தண்ணீர் கிடைக்கிறது. கையெழுத்துப் போட்டதால் அவளுக்குப் பாடம் கிடைக்கவில்லை. அவளுக்கு உதவுகிறேன் என்று நினைத்து அவளை வெளியிலேயே நிறுத்தி வைத்திருக்கிறேன். கேட்க வேண்டிய இடத்தில் போய் நேரத்தை மாற்றித் தரச் சொல்லிக் கேட்கவில்லை. இது என் தவறு. அவள் என்னைக் கேட்கவில்லை.'

அவள் கேட்க வேண்டிய இடம் நான். அவளுக்காகப் போய்க் கேட்டிருக்க வேண்டியவளும் நான். அந்த வரியை நான் அப்போது அப்படிப் படிக்கவில்லை. என் மூன்றாவது குறிக்கோள் நூற்றுக்கு நூறு நிறைவேறிவிட்டது என்றுதான் துள்ளினேன். இரண்டு கையெழுத்தையும் பார்த்து நான் அவளிடம் செய்த வேடிக்கையைப் பற்றி அவள் ஒரு வார்த்தை எழுதவில்லை. அதையும் அப்போது நான் கவனிக்கவில்லை.

அடுத்த மாதம் கல்லூரியைப் பார்வையிட ஆய்வுக் குழு வருவதாகச் செய்தி வந்தது. ஒவ்வொரு குறிக்கோளுக்கும் ஒரு ஃபைல், அதில் ஆதாரமாகச் சிறந்த கட்டுரை ஒன்று, நடுத்தரம் ஒன்று, மோசம் ஒன்று வைக்கவேண்டும். சிறந்தது எது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மேலே இருந்த பெயரின்மேல் வெள்ளைத் தாள் ஒட்டினேன். உள்ளே இருந்த தோழியின் பெயரை அப்படியே விட்டேன். பதினோரு வருடத்தில் எத்தனையோ ஃபைல் கட்டியிருக்கிறேன், ஒன்றைக்கூட யாரும் திறந்து படித்ததில்லை. அந்தத் தைரியம். கொடுத்த வாக்கு ஞாபகம் வரவில்லையா என்று கேட்டால், வந்தது. நல்ல காரியத்துக்குத்தானே என்று நினைத்தேன்.

இந்த ஒரு ஃபைலைப் பிரின்சிபல் படித்தார். தோழியின் பெயரே எழுதியவளையும் காட்டிக் கொடுத்தது.

மறுநாளே விசாரணைக் குழு போட்டாயிற்று. இரண்டு பெண்களும் விளக்கக் கடிதம் தரவேண்டும். பிரின்சிபல் கன்னடமும் தமிழும் கலந்து பேசுவார். "நோடி மேடம், கமிட்டி முன்னாடி வைக்கிற லெட்டர். இங்கிலீஷ் சரியா இருக்கணும். நீங்களே திருத்தி அனுப்புங்க" என்றார். எழுத்துப் பாடத்துக்கு ஆசிரியை நானல்லவா.

அவள் ஸ்டாஃப் ரூமுக்கு வந்தாள். கண் வீங்கியிருந்தது. என்னைத் திட்டுவாள், ஏன் மிஸ் காட்டிக் குடுத்தீங்க என்று கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கேட்கவில்லை. தாளை நீட்டி, "ஒரு தபா பாத்துக் குடுங்க மிஸ்" என்றாள், அவ்வளவுதான். படித்தேன். எல்லாம் என் தவறு, தோழியை விட்டுவிடுங்கள் என்று எழுதியிருந்தாள். நான்காவது வரியில், 'எங்கள் மிஸ்ஸுக்கு இது எதுவும் தெரியாது' என்று இருந்தது.

"இதை எதுக்கும்மா எழுதினே?"

"உங்களையும் கூப்ட்டு கேப்பாங்க மிஸ். உங்களுக்கு இன்னும் பர்மனென்ட் ஆவலையாமே. அதான்."

"இது பொய்யாச்சே."

"ஆமா மிஸ்." தலையைத் தூக்காமலே சொன்னாள். "வேணான்னா அடிச்சிடுங்க."

என் கையில் பேனா இருந்தது. ஒரு கோடு இழுத்தால் போதும். கான்டிராக்ட் புதுப்பிக்கிற மாதம் அது, வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான், இந்த வயதில் வேறு எந்தக் கல்லூரியில் சேர்ப்பார்கள் என்றெல்லாம் மனசு மளமளவென்று எடுத்துக் கொடுத்தது. மற்ற வரிகளில் அங்கங்கே திருத்தினேன். அந்த வரியைத் தொடவில்லை. என் பாடத்தில் உண்மை எழுதக் கற்றுக்கொண்ட பெண் அடுத்ததாக எழுதிய பொய் எனக்காக எழுதியது, அதை நானே பார்த்து அனுப்பிவைத்தேன்.

விசாரணைக் குழுவில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் என்னைக் கேட்டார்: "இது உங்க கிளாஸ்ல நடந்திருக்கு. உங்களுக்குத் தெரியுமா மேடம்?"

"தெரியாது சார்."

அவள் எனக்கு எதிரில்தான் நின்றிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. எனக்குச் சங்கடமாகிவிடும் என்றுதான் பார்க்காமல் இருந்தாள் என்பது எனக்குத் தெரியும், அதைத்தான் இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

இரண்டு பேரையும் அந்த செமஸ்டர் தேர்வு எழுத விடவில்லை. தோழி அதற்குப் பிறகு கல்லூரிப் பக்கமே வரவில்லை. இவள் வீட்டிலும் படித்தது போதும் என்று சொல்லிவிட்டார்கள். மாற்றுச் சான்றிதழில் நடத்தை என்ற இடத்தில் எல்லோருக்கும் 'நன்று' என்று எழுதுவார்கள், இவளுக்கு 'திருப்தி' என்று எழுதினார்கள். ஆய்வுக் குழு வந்து போயிற்று. அந்தக் கட்டுரை இருந்த இடத்தில், மொபைலை அதிகம் பார்த்ததற்காக வருந்துகிற ஒரு பையனின் கட்டுரையை வைத்திருந்தேன். குழுவில் வந்த அம்மையார் புரட்டிப் பார்த்து, மூன்றாவது குறிக்கோள் மிகவும் புதுமையாக இருக்கிறது என்று பாராட்டினார். பிரின்சிபலுக்கு வாயெல்லாம் பல். எனக்கு இன்னொரு வருடம் நீட்டித்துக் கொடுத்தார்கள்.

இந்த வருடமும் அதே பாடம், அதே முதல் மணி, அதே ஐந்து குறிக்கோள். கரும்பலகையில் அதே வரியை எழுதினேன். வந்த கட்டுரைகளில் முக்கால்வாசிப் பேர் சின்ன வயதில் மாங்காய் திருடியிருந்தார்கள். விஷயம் பிள்ளைகளுக்கு எட்டியிருக்கிறது. இத்தனை மாங்காய் திருட்டுப் போயிருந்தால் கோலார் பக்கத்துத் தோப்புக்காரன் எவனும் பிழைத்திருக்க மாட்டான். எல்லோருக்கும் நல்ல மார்க் போட்டேன். வேறு எந்த முகத்தோடு நான் அவர்களைக் கேட்பது?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் காய் வாங்கிக்கொண்டிருந்தேன். "மிஸ்" என்று குரல். அவள்தான். சர்ச்சிலிருந்து நேராக வந்திருந்தாள், மெலிந்திருந்தாள். ஒதுங்கிப் போகாமல் அவளே கூப்பிட்டாள். பெங்களூரில் ஒரு கம்பெனியில் பில் போடும் வேலைக்கு இன்டர்வியூ முடிந்துவிட்டதாம். சான்றிதழில் 'திருப்தி' என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, படித்த இடத்திலிருந்து யாராவது ஆசிரியர் நடத்தை பற்றி எழுதித் தரவேண்டும் என்று கேட்கிறார்களாம்.

"ரெண்டு வரி போதும் மிஸ். நான் நம்பிக்கையான பொண்ணுன்னு."

என் வாயில் என்ன வந்தது தெரியுமா? "லெட்டர்ஹெட்ல குடுக்கணும்னா பிரின்சிபலைக் கேக்கணும்மா."

"ஐயோ, வேணாம் மிஸ், கேக்காதீங்க. அப்புறம் உங்கள ஏதாச்சும் சொல்லப் போறாங்க." பிறகு, "இன்னும் பர்மனென்ட் பண்லியா மிஸ் உங்கள?" என்று கேட்டாள். குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே எனக்காக வருத்தப்பட்டுக் கேட்டாள்.

இல்லை என்று தலையை ஆட்டினேன். லெட்டர்ஹெட் எதற்கு? என் பெயரைப் போட்டு, என் கையெழுத்தைப் போட்டு, எனக்குத் தெரிந்தவர்களில் இவளைவிட நேர்மையானவர் யாரும் இல்லை என்று அந்தக் காய்க்கடை ஓரத்தில் நின்றபடியே எழுதிக் கொடுத்திருக்கலாம். பையில் பேனாவும் இருந்தது, தாளும் இருந்தது.

"பாத்துட்டு சொல்றேம்மா" என்றேன்.

"சரிங்க மிஸ், போய்ட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தாள். எந்த நம்பருக்குக் கூப்பிட்டுச் சொல்லவேண்டும் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.