பப்பாளி சாலட்டும் ஒரு மூக்கும்

சலாலாவிலிருந்து துபாய்க்குப் போனால் நாடு மாறும், கடிகாரம் மாறாது. மாறுவது விடுமுறை நாள்தான். எங்கள் பள்ளிக்கு வெள்ளியும் சனியும் லீவு. அங்கே சனியும் ஞாயிறும். அதனால் போட்டியை இரண்டுக்கும் பொதுவான சனிக்கிழமையில் வைத்திருந்தார்கள். நாங்கள் புதன்கிழமை காலை 10.35 விமானத்தில் கிளம்பினோம். பதினோராம் வகுப்பு மாணவர்கள் ஐந்து பேர், அவர்களுடைய புவியியல் மிஸ்ஸாகிய நான், என் நோட்டு.

ஒவ்வொரு பள்ளிக்கும் சீட்டுக் குலுக்கி ஒரு நாட்டைக் கொடுத்திருந்தார்கள். அந்த நாட்டுச் சாப்பாடு வட்டாரத்துக்கு வட்டாரம் ஏன் மாறுகிறது என்று மண்ணையும் மழையையும் வைத்து மேடையில் விளக்க வேண்டும். படித்துவிட்டுப் பேசக்கூடாது, சாப்பிட்டுவிட்டுப் பேச வேண்டும் என்பது விதி. எங்களுக்குத் தாய்லாந்து வந்தது. துபாயில் எந்தச் சந்தில் எந்த வட்டாரச் சாப்பாடு கிடைக்கும் என்று பிள்ளைகளே வரைபடம் போட்டு வைத்திருந்தார்கள்.

விமான நிலையத்தில், மேடையில் பேசவிருந்த பெண்ணின் அம்மா என்னைத் தூணுக்குப் பின்னால் அழைத்துப் போனார்.

"மிஸ், இவளுக்கு எட்டு மாசமா வாசனையே தெரியல. ஒரு காய்ச்சல் வந்துச்சு, அதோட போச்சு. வரும்ங்கறார் டாக்டர், எப்பன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறார். சாப்பாட்டையே வெறுத்துட்டா. கூட வர்ற பசங்களுக்குத் தெரியாது மிஸ். கேலி பண்ணுவாங்கன்னு சொல்லவே இல்ல."

"அப்புறம் ஏன் இந்த டீம்ல பேர் கொடுத்தா?"

"அதான் எனக்கும் புரியல. ஒருவேளை புதுசா ஏதாவது தின்னா வந்துருமோன்னு நெனைக்கறாளோ என்னமோ."

விமானத்தில் அவள் சன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, தந்த உப்புக் கடலையை ஒவ்வொன்றாகக் கடித்தாள். கடிக்கும் சத்தத்தைச் சாப்பிடுகிறாள் என்று தோன்றியது.

விடுதியில் அவளும் நானும் ஒரே அறை. வியாழன் காலை 6.20க்கு அவள் பெட்டியிலிருந்து நான்கு சின்ன டப்பாக்களை எடுத்தாள். காப்பித்தூள், பெருங்காயம், ஏலக்காய், கற்பூரம். ஒவ்வொன்றையும் மூக்குக்குக் கீழே வைத்து மனத்துக்குள் இருபது எண்ணினாள். மருத்துவர் சொல்லிக்கொடுத்த பயிற்சி. நான் போர்வைக்குள் தூங்குவதாக நடித்தேன். நான்காவது டப்பாவை மூடும்போது, "ஓகே, நாளைக்கு பாக்கலாம்" என்று அவற்றிடமே சொன்னாள்.

அன்று மதியம் துபாயின் தேரா பகுதியில் வடக்குத் தாய்லாந்துச் சாப்பாடு. தேங்காய்ப்பால் குழம்பில் மிதக்கும் நூடுல்ஸ், அதன் தலையில் பொரித்த நூடுல்ஸ் ஒரு கைப்பிடி, பக்கத்தில் எலுமிச்சை, ஊறப்போட்ட கீரை, பச்சைச் சின்ன வெங்காயம். திருநெல்வேலிக் குடும்பத்துப் பையன் ஒருவன், சலாலாவிலேயே பிறந்தவன், ஒரு வாய் வைத்ததும் கையைத் தூக்கிவிட்டான்.

"மிஸ், இது சொதி! இடியாப்பத்துல சொதிய ஊத்தி மேல ஓமப்பொடி போட்டுருக்கான். காப்பிரைட் கேஸ் போடணும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் மட்டும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு குறிப்பு எழுதினாள். அவன் புருவத்தை உயர்த்தினால் ஒரு வரி, உதட்டை நக்கினால் இன்னொரு வரி. பக்கத்துப் பெண் குழம்பை மோந்து பார்த்து 'மஞ்சள் வாசம்' என்றதும் அதுவும் நோட்டில் ஏறியது.

"ஏய், ஏன் என் மூஞ்சியவே பாத்து எழுதுற? தட்டு அங்க இருக்கு" என்றான் அவன்.

"உன் மூஞ்சிதான் தாய்லாந்து மேப் மாதிரி இருக்கு."

மேசையே கொண்டாடியது. அவன் காது சிவந்துவிட்டது. அவள் தப்பித்தாள். ஆனால் உப்பு, புளிப்பு, இனிப்பு, எரிச்சல் ஆகிய நான்கைத் தவிர அவளுக்குச் சாப்பாடு என்பது வெறும் அட்டை என்று எனக்குத் தெரியும். அன்று மாலை தெற்கு வட்டாரத்து மஞ்சள் மீன் குழம்பில் மற்றவர்கள் கண்ணீர் விட்டபோது அவள் மட்டும் மிளகாயைத் தேடித் தேடித் தின்றதும் அதனால்தான். அவளுக்கு முழுதாகத் தெரிந்தது எரிச்சல் ஒன்றே. "சிங்கம்டீ நீ" என்று பிள்ளைகள் அவளுக்குக் கைதட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து கடைகள் மறுபடி திறந்ததும், சத்வா பகுதியில் வடகிழக்குத் தாய்லாந்து. தையற்கடைக்கும் சலவைக்கடைக்கும் நடுவில் ஐந்து மேசைகள். சமைப்பது, பரிமாறுவது, திட்டுவது எல்லாம் ஒரே அம்மாள். அந்த வட்டாரத்துக்காரர். துபாயில் பல வருடம் இருந்து, தமிழர் உட்பட எல்லோரிடமும் இந்தியும் ஆங்கிலமும் கலந்த ஒரு பாஷை பேசுகிறவர். முன்னால் மண் உரலும் மர உலக்கையும் வைத்துக்கொண்டு பச்சைப் பப்பாளிச் சீவலை இடித்துக்கொண்டிருந்தார்.

"மிர்ச்சி ஹவ் மெனி?"

"டென்!" என்றான் சொதிப் பையன்.

அவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "யூ, த்ரீ. பாஸ்."

போதும் என்கிற அந்த 'பாஸ்'ஸில் எங்கள் பரம்பரை வீரமெல்லாம் போயிற்று. எங்களில் ஒருத்தி சைவம்; அவளுக்கு மட்டும் வேறு உரலில், உப்பும் புளியும் போட்டுத் தனியாக இடித்துக் கொடுத்தார். மற்றவர்களுக்கு வந்தது கடலை தூவிய பப்பாளி சாலட். கூடவே சின்ன மூங்கில் கூடைகளில் ஆவி பறக்கும் பசையரிசிச் சோறு.

அப்போதுதான் அது நடந்தது. சோற்றைக் கண்டதும் எங்கள் பிள்ளைகள் யோசிக்கவே இல்லை. சலாலாவில் பிறந்து ஆங்கிலத்தில் கனவு காண்கிற ஐந்து பேரும் ஒரே நேரத்தில் கரண்டியைத் தள்ளி வைத்தார்கள். கூடையைத் தட்டில் கவிழ்த்து, நடுவில் குழி பறித்து, சாலட்டின் சாற்றை அதில் ஊற்றி, ரசஞ்சோறு பிசைவதுபோல் பிசையத் தொடங்கினார்கள். பசையரிசி பிசையப்படச் சம்மதிக்கவில்லை. விரலில் ஒட்டியது, விரலோடு விரலை ஒட்டியது. கையை உதறினால் தட்டும் சேர்ந்து எழுந்தது.

"மிஸ், என் கை லாக் ஆயிடுச்சு!"

உலக்கையைக் கையில் பிடித்தபடியே அந்த அம்மாள் ஓடி வந்தார். "மாஃபி, மாஃபி! வாட் யூ டூயிங்! பேபி?" அப்படி இல்லை என்கிறார்.

ஒரு கிள்ளு சோற்றை எடுத்து உள்ளங்கையில் வைத்து, மூன்று விரலால் உருட்டி, கட்டைவிரலால் அழுத்திக் குழியாக்கி, அதில் சாலட்டை அள்ளி வாயில் போட்டுக் காட்டினார். பிள்ளைகள் அப்படியே செய்தார்கள். நானும் உருட்டினேன். அவர் ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டு வந்தவர், சட்டென்று நின்றார்.

"யூ பீப்பிள், ஹாத் ஸே?" கையால்தான் எப்போதும் சாப்பிடுவீர்களா என்று கேட்கிறார்.

"ஹான் ஜி, டெய்லி" என்றார்கள் பிள்ளைகள்.

அவர் முகம் மாறிவிட்டது. எங்கள் தட்டுகளைப் பறித்தார். "திஸ் ஒன் டூரிஸ்ட். கலாஸ். வெயிட்." இது சுற்றுலாக்காரர்களுக்கு இடித்தது, போதும் என்கிறார். உள்ளே போய், சேலையில்லாத நாட்டில் சேலை முந்தானையில் மறைத்து எடுத்து வருவதைப் போல, ஒரு பெரிய கண்ணாடி ஜாடியை ஏப்ரனுக்குள் அணைத்துக்கொண்டு வந்தார். உள்ளே பழுப்பு நிறத்தில் குழம்பியது, உப்பும் அரிசித் தவிடும் சேர்த்து மாதக்கணக்கில் ஊறவைத்த மீன். அவருடைய ஊரில் அதில்லாமல் பப்பாளி இடிப்பதே இல்லையாம்.

மூடியைத் திறந்தார். நேரம் 2.47. நான் எழுதி வைத்திருக்கிறேன்.

சைவக்காரப் பெண் கதவுக்கு வெளியே போய் நின்றாள். பையன் டீசர்ட்டை மூக்குவரை இழுத்துக்கொண்டு, "டெட் பாடி மிஸ், சத்தியமா டெட் பாடி" என்றான். நான் மிஸ் என்பதால் புன்னகையோடு மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன். வாசனை தெரியாத அவள் மட்டும் தலையைத் தூக்கினாள், யாரோ தூரத்திலிருந்து கூப்பிட்டதுபோல. பிறகு ஜாடியின் மேல் குனிந்தாள்.

"மிஸ்."

"என்னம்மா?"

"தாக்கா ரோடு."

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. சலாலாவிலிருந்து தாக்காவுக்குப் போகும் வழியில், கடற்கரை மணலில் ஒட்டகத் தீவனத்துக்காகச் சாளை மீனைக் காயப்போட்டிருப்பார்கள். பள்ளி பஸ் அந்த இடம் வந்ததும் எல்லோரும் சன்னலைச் சாத்துவார்கள்.

"மிஸ், அந்த சாளை நாத்தம். அதே நாத்தம். நாறுது மிஸ்! எனக்கு நாறுது!"

அவள் ஜாடிக்குள் மூக்கை விட்டுச் சிரித்தாள், இருமினாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி விட்டாள். அந்த அம்மாளின் ஜாடியை இதற்குமுன் யாரும் இப்படிப் பாராட்டியிருக்க மாட்டார்கள். பெருமையில் உலக்கையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"உனக்கு என்னாச்சு?" என்றான் பையன்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். எட்டு மாதம், காய்ச்சல், அவன் முகத்தைப் பார்த்து எழுதிய குறிப்பு. யாரும் கேலி செய்யவில்லை. அவன் மட்டும், "அப்ப நீ என்னைய லவ் பண்ணலையா?" என்று கேட்டு முதுகில் அடி வாங்கினான்.

அந்த அம்மாள் புது சாலட்டை இடித்துக் கொண்டுவந்தார். அவள் உருட்டிய சோற்றால் தட்டைத் துடைத்துத் தின்றாள். அதற்குப் பிறகு பிள்ளைகளைப் பிடிக்க முடியவில்லை. அவளைத் தெருவில் இழுத்துக்கொண்டு ஓடினார்கள். "இது வருதா?" தையற்கடையின் இஸ்திரி ஆவி. வரவில்லை. "இது?" அத்தர் கடை. வரவில்லை. ஷவர்மா, வரவில்லை. பெட்ரோல், லேசாக. கடைசியில் சந்து முனையிலிருந்த குப்பைத்தொட்டி.

"வருது! வருது! ஐயோ, சூப்பரா நாறுது!"

சலவைக்கடைப் பட்டாணியர் வெளியே வந்து, குப்பைத்தொட்டியைச் சுற்றிக் குதிக்கும் ஐந்து பிள்ளைகளையும் ஒரு டீச்சரையும் பார்த்து, "க்யா ஹுவா பாய்?" என்றார், என்ன ஆயிற்று என்று. விளக்கும் அளவுக்கு எங்கள் யாருக்கும் இந்தி இல்லை.

அவள் அம்மாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"அம்மா, வாசனை வருதும்மா! நாத்தம் மட்டும்தான் வருது, ஆனா வருது!"

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் ஒலி கேட்டது. "எங்கடி நிக்கிற?"

"குப்பைத்தொட்டி பக்கத்துலம்மா."

"அங்கயே நில்லு. எங்கயும் போகாத. மூச்ச நல்லா இழு. மிஸ், அவள அங்கயே நிக்க வைங்க மிஸ், விட்டா போயிரும்!"

நான்கு மணிக்குப் போட்டி அரங்கில் ஒத்திகை இருந்தது. அதை விட்டுவிட்டு, அவள் அம்மாவின் உத்தரவுப்படி 3.31 முதல் 3.52 வரை அந்தத் தொட்டியின் பக்கத்தில் ஆறு பேரும் வரிசையாக நின்று மூச்சை இழுத்துக்கொண்டிருந்தோம்.