நோயெமியின் மூக்கு வேலை செய்யாத நாற்பத்தேழு நாட்கள்

வெராக்ரூஸ் துறைமுகத்துக்கு மேற்கே நான்கு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் டாங்க் கழுவும் யார்டில், நோயெமி உஸ்காங்கா பதினான்கு ஆண்டுகளில் பத்தொன்பதாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு டாங்குகளை முகர்ந்து பார்த்தார். அறுநூற்றுப் பதினொன்றை மறுபடி கழுவச் சொல்லித் திருப்பி அனுப்பினார். இரண்டு எண்ணிக்கையும் யார்டின் பதிவேட்டில் இருக்கின்றன. கூட்டிப் பார்க்க விரும்புகிறவர்கள் பார்க்கலாம்.

1999இல் அவர் அங்கே தரை கூட்டத்தான் சேர்ந்தார். ஐந்தாவது வாரத்தில், அப்போதைய பரிசோதகர் கையெழுத்துப் போட்டு முடித்திருந்த ஒரு டாங்கின் அடியில் கூட்டிக்கொண்டு போனவர், விளக்குமாற்றை நிறுத்திவிட்டு, "இதுல மீன் எண்ணெய் இருக்குங்க," என்றார். பரிசோதகர் சிரித்தார். திறந்து பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். அடுத்த ஆண்டு அவர் ஓய்வு பெற்றபோது, அவருடைய முக்காலி நோயெமிக்கு வந்தது.

வேலை இதுதான். இருபதடி இரும்புச் சட்டத்துக்குள் படுத்திருக்கும் எஃகு உருளை, இருபத்து நாலாயிரம் லிட்டர் கொள்ளும். ஒரு கடலுக்கு அந்தப் பக்கம் சமையல் எண்ணெயோடு போகும், திரும்பும்போது சர்க்கரைப் பாகோடு வரும். நடுவில் கழுவ வேண்டும். ரசாயனம் ஏற்றும் டாங்குகள் தனி. அவற்றுக்கு விளக்கும் கண்ணும் போதும். உணவு ஏற்றும் டாங்குகளுக்கு மூக்கு வேண்டும். ஏணியில் ஏழு படி ஏறி, மேல் மூடியைத் திறந்து, தலையை உள்ளே விட்டு மூன்று முறை மூச்சிழுக்க வேண்டும். வாசனை இல்லையென்றால் சான்றிதழில் கையெழுத்து.

அந்த மூன்று மூச்சுக்காக நோயெமி நண்பகல் வரை காபி குடிப்பதில்லை. வாசனை சோப்பு, பூண்டு, மிளகாய் எதுவும் காலையில் கிடையாது. வெராக்ரூஸில் காலையில் காபி குடிக்காத பெண்ணைப் பார்த்தால் என்ன நோய் என்று கேட்பார்கள். அவரைக் கேட்டார்கள். சொந்தக் கல்யாணத்திலேயே பாதிரியார் சாம்பிராணிப் புகையை வீசியதும் மாப்பிள்ளையை விட்டுவிட்டு ஆறு நிமிடம் வெளியே போய் நின்றவர். மாப்பிள்ளை காத்திருந்தார். பின்னாளிலும் அவர் நிறையக் காத்திருந்தார், பிறகு தம்பிகோ நகருக்குப் போய்விட்டார்.

2014 பிப்ரவரி 6, வியாழக்கிழமை, வடகாற்று அடித்தது. நோயெமிக்குச் சளி பிடித்தது. சளி நான்கு நாளில் போனது. ஞாயிறன்று அக்கா அம்பாரோ சமையலறைக்குள் ஓடிவந்து, "பீன்ஸ் கருகி வீடே புகையா இருக்கு, பக்கத்துலயே மரம் மாதிரி உக்காந்திருக்கியே!" என்று கத்திய பிறகுதான் மூக்கு போய்விட்டது என்று தெரிந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. அந்த வாரம் முழுவதும் வந்தவை ரசாயன டாங்குகள். கண் வேலை செய்தது.

பிப்ரவரி 17, திங்கள், காலை 9.10க்கு உணவு டாங்க் வந்தது. ஹலிஸ்கோ மாநிலத்துக்குப் போய் தெக்கீலா மது ஏற்றிக்கொண்டு திரும்பி, ராட்டர்டாம் கப்பலில் ஏற வேண்டியது. அதற்கு முன் சுமந்தது பற்பசைத் தொழிற்சாலைக்கான புதினா எண்ணெய். நீராவி, காஸ்டிக் சோடா, வெந்நீர், காற்று எல்லாம் முடிந்திருந்தது. புதினா ரப்பரில் ஊறும் என்பதால் மேல் மூடியின் பெரிய ரப்பர் வளையத்தையும் மாற்றியிருந்தார்கள். பகல் பன்னிரண்டுக்கு லாரி கிளம்ப வேண்டும்.

நோயெமி ஏழு படி ஏறினார். மூன்று மூச்சு இழுத்தார். காற்று வந்தது, அவ்வளவுதான். இறங்கி, யார்டில் எல்லோரும் இன்ஜினியர் என்று கூப்பிடும் மேலாளர் ருத்தீலியோ மல்பிக்காவின் அறைக்குப் போனார்.

"இன்ஜினியர், எனக்கு மூக்கு வேலை செய்யல."

மல்பிக்கா பேனாவை மூடினார். "எப்பலேர்ந்து?"

"ஆறாந்தேதிலேர்ந்து."

"டாங்கை ரெண்டு தடவை கழுவியாச்சு, நோயெமிம்மா. உங்க மூக்கு என்ன சொல்லிடப் போகுது? கையெழுத்தைப் போடுங்க."

"'முகர்ந்து பார்த்தேன்'னு அச்சடிச்சிருக்கு. அதுக்குக் கீழதான் கையெழுத்து."

"முகர்ந்துதானே பாத்தீங்க? தெரியலேன்னா அது வேற விஷயம்."

நோயெமி இதை யோசித்துப் பார்த்தார். "இல்ல இன்ஜினியர், அதே விஷயம்தான்."

வேறு மூக்கு தேட வேண்டியதாயிற்று. கழுவுகிறவர்கள் நாலு பேருக்கும் சோடா ஆவியில் மூக்கு வெந்து வருடங்களாகிவிட்டது. லாரி ஓட்டுநர் செலெரினோ தானே முன்வந்தார். ஆனால் அவர் முகச்சவரம் செய்து பூசியிருந்த திரவத்தின் வாசனை அவருக்கு நாலடி முன்னாலேயே வருகிறது என்று எல்லோரும் சொன்னார்கள். மல்பிக்கா ஒரு நாளைக்கு முப்பது சிகரெட்.

நோயெமி வாசலுக்குப் போனார். அங்கே சோள மாவுக்குள் இறைச்சி வைத்து வாழையிலையில் கட்டி வேகவைத்த தமாலைக் கூடையில் வைத்து விற்கும் கிறிஸ்பினா தெப்போலே உட்கார்ந்திருந்தாள். அவளுடைய பேரனுக்கு நோயெமிதான் ஞானஸ்நானத் தாய், அதனால் ஒருவரையொருவர் கொமாத்ரே என்றுதான் கூப்பிடுவார்கள். கூடையின் மூடியைத் திறக்காமலே எந்தத் தமால் நேற்றையது என்று சொல்லக்கூடியவள் கிறிஸ்பினா. விற்கும்போது மட்டும் சொல்ல மாட்டாள்.

"கொமாத்ரே, ஒரு ஏணி ஏறணும்."

"அறுபத்திரண்டு வயசுல? மேல சாமியா இருக்கு?"

"ஏழே படி. நான் பின்னாடியே வரேன்."

"நீ பின்னாடி வந்தா விழுறதுக்கு மெத்தையா இருக்கும். சரி, வா."

ஏற பதினோரு நிமிடம் ஆயிற்று. கிறிஸ்பினா தலையை உள்ளே விட்டாள். குரல் எஃகுக்குள் முழங்கியது: "ஈர இரும்பு. வேற ஒண்ணுமில்ல. என் பல்லு ஆடுற சத்தம் கூட இங்க எதிரொலிக்குது."

கீழே மல்பிக்கா, "முடிஞ்சுதா?" என்று கைக்கடிகாரத்தைக் காட்டினார். மணி 10.50.

"பின்பக்கம் பாக்கல," என்றார் நோயெமி.

பின்பக்கம், முழங்கால் உயரத்தில், சரக்கை இறக்கும் அடி வால்வு. யாரும் அதை முகர்வதில்லை. நோயெமி எப்போதும் முகர்வார். கிறிஸ்பினா குனிந்தாள். சற்று நேரம் குனிந்தபடியே இருந்தாள்.

"என் மாமனார்," என்றாள்.

"என்ன?"

"ராத்திரி பல்செட்டைக் கழட்டி, பற்பசை கரைச்ச ஒரு டம்ளர் தண்ணில போட்டு வைப்பாரு. அந்த டம்ளர்."

வால்வைக் கழற்றினார்கள். உள்ளே ஒரு சின்ன ரப்பர் வளையம் இருந்தது, வளையல் அளவு, பழையது. பெரியதை மாற்றியவர்கள் சின்னதை மறந்திருந்தார்கள். எல்லோரும் மாறி மாறி முகர்ந்தார்கள். சிகரெட் மல்பிக்காவுக்கே புதினா அடித்தது.

புது வளையம் போட்டு, மறுபடி கழுவி உலர்த்த 2.35 ஆயிற்று. கிறிஸ்பினா மறுபடி குனிந்து ஒன்றுமில்லை என்றாள். நோயெமி சான்றிதழை எடுத்து, அச்சடித்த வரியை ஒற்றைக் கோட்டால் அடித்துவிட்டு, கீழே எழுதினார்: "முகர்ந்தவர்: கிறிஸ்பினா தெப்போலே, தமால் வியாபாரி. பார்த்தவர்: நான். என் மூக்கு இம்மாதம் 6ஆம் தேதியிலிருந்து வேலை செய்யவில்லை."

"இதை ராட்டர்டாமுக்கு அனுப்ப முடியாது," என்றார் மல்பிக்கா.

"வேற ஒண்ணு எனக்கு எழுதத் தெரியாது, இன்ஜினியர்."

செலெரினோ லாரியைக் கிளப்பி வைத்திருந்தார். மல்பிக்கா தாளை இரண்டு முறை படித்துவிட்டு உறையில் போட்டார். ராட்டர்டாமிலிருந்து எந்தக் கேள்வியும் வரவில்லை. அங்கே யாரும் படிக்கவில்லை என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் மறுநாளிலிருந்து நோயெமிக்கு வாசல் பதிவேடு. உள்ளே வரும் லாரி, வெளியே போகும் லாரி. "மூக்கு வந்தா சொல்லுங்க, முக்காலி அங்கதான் இருக்கும். ஈஸ்டருக்குள்ள வரலேன்னா வேற ஆள் பாக்கணும்," என்று மல்பிக்கா சொன்னார். கிறிஸ்பினா இரண்டாவது முறை ஏணி ஏற மறுத்துவிட்டாள். உணவு டாங்குகள் அடுத்த யார்டுக்குப் போயின. நோயெமி அவை போன நேரத்தையும் எழுதினார்.

தினமும் பதினோரு மணிக்கு கிறிஸ்பினா ஒரு தமாலைப் பிரித்து அவர் மூக்குக்கு நேரே பிடிப்பாள்.

"என்ன போட்டிருக்கேன்?"

"தெரியல."

"பன்னி. நல்லாத் தின்னு."

கோழி, இறால், பன்றி என்று முப்பது முறைக்கு மேல் இது நடந்தது. தாளில் எழுதிவைத்த மாதிரி ஒரே பதில்.

மார்ச் 25, செவ்வாய். கிறிஸ்பினா இன்னும் கூடையைத் திறக்கவில்லை. வாங்க மூன்று பேர் நின்றிருந்தார்கள். நோயெமி பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்கினார்.

"சோம்பு வாசம் வருது, அகுயோ இலை போட்டிருக்க," என்றார். பிறகு, "அடி வரிசை கருகிப் போச்சு."

மூன்று பேரும் கூடையைப் பார்த்தார்கள். ஒருவர் எடுத்த காசைத் திரும்பப் பையில் போட்டார்.

"ஒரு மாசத்துக்கு மேல உனக்குக் காட்டிக் காட்டி வளத்தேன்," என்றாள் கிறிஸ்பினா. "மொத ஆளா என்னையே புடிச்சிட்ட."

நோயெமி நேரத்தைக் குறித்தார்: 10.42. பதிவேட்டை மூடி வைத்துவிட்டு, காபி குடிக்காமல், முக்காலி இருக்கும் பக்கம் நடந்தார்.