அழிக்கும் பட்டனில் பிள்ளையார்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கினேன். பிள்ளையார் சம்பந்தப்பட்ட விஷயம். சாமியைக் கேலி செய்கிறான் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கேலியெல்லாம் என்மேல்தான்.

போன வாரம் ஆபீஸில் புது மென்பொருள் போட்டார்கள். திரையின் மேல்வரிசை முழுக்கச் சாம்பல் நிறத்தில் குட்டிக் குட்டிப் படங்கள். பார்த்ததும் சரக்கு அனுப்பும் பழைய டிஸ்பாட்ச் அறையின் கிரீஸ் வாசனை மூக்கில் ஏறிவிட்டது.

ஓசூரில் உதிரிபாகக் கம்பெனி. நான் பத்தாவது படித்த தற்காலிக ஆள். அந்த மாதம்தான் நிரந்தரம் செய்வதாகப் பேச்சு. கம்ப்யூட்டர் பார்க்கும் மஞ்சுநாத் எக்செல்லில் எங்களுக்கென்று இரண்டு பட்டன் சேர்த்துக் கொடுத்திருந்தார். ஒன்று பதிவைச் சேமிக்கும், இன்னொன்று மொத்தமாக அழிக்கும். இரண்டிலும் ஒரே மஞ்சள் சிரிப்பு மூஞ்சி! எது எதுவென்று ஒவ்வொரு தடவையும் அவரைக் கூப்பிட்டுக் கேட்பேன். "படத்த நீங்களே மாத்திக்கலாம்ரீ" என்று கன்னடம் கலந்த தமிழில் சொல்லி, கட்டம் கட்டமாக ஒரு பெட்டியைத் திறந்து காட்டினார்.

அழிக்கும் பட்டனுக்குக் காவலாகப் பிள்ளையாரைப் புள்ளி புள்ளியாக வரைந்து வைத்தேன். சாமிமேல் யாரும் கைவைக்க மாட்டார்கள் அல்லவா? அவ்வளவு மூளை எனக்கு. மஞ்சுநாத் எட்டிப் பார்த்து, "ஏன்ரீ இது, டீ கெட்டிலா?" என்றார்.

மறுநாள் காலை ஷிஃப்டுக்கு வந்த, என்னைப் போலவே பதிவு போடும் சரசக்காவுக்கு அந்தச் சந்தேகமே வரவில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டு, முதல் வேலையாகப் பிள்ளையாரை அமுக்கினார். ஏற்றி முடித்த லாரியின் பதிவு மொத்தமும் போயிற்று. கேட்டில் டிரைவர் ஹாரன் அடிக்கிறார்.

மேனேஜர் ஓடிவந்தார். "யாரு அழிச்சது?"

"நான் புள்ளையாரத்தானுங்க சார் தொட்டேன்." அக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"படம் போட்டது நான் சார். சாமின்னா யாரும் தொடமாட்டாங்கன்னு..." வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

"சாமியத் தொடாம எவன்யா வேலைய ஆரம்பிப்பான்?" தலையில் அடித்துக்கொண்டவர் சிரித்துவிட்டார். "போ, பெட்டிய எறக்கி எண்ணு."

எண்ணினோம், மறுபடி பதிந்தோம். பிள்ளையார் அன்றே சேமிக்கும் பட்டனுக்குக் குடிபெயர்ந்தார். அதன்பின் லாரிக்கு லாரி அக்கா தொட்டுக் கும்பிட, ஒரு பதிவும் தொலையவில்லை. என்னையும் நிரந்தரம் செய்தார்கள்.

புது மென்பொருள் தானே சேமித்துக்கொள்கிறது. நாமாகப் படம் போட அதில் இடமில்லை. அக்காவும் ஓய்வு பெற்றுவிட்டார். காலையில் உட்கார்ந்ததும் நான் மட்டும் மவுஸைப் பிள்ளையார் இருந்த மூலைக்குக் கொண்டுபோகிறேன். அங்கே வெறும் சாம்பல்.

இதை யாரிடமாவது சொன்னால் உள்ளபடியே சொல்லுங்கள். பிள்ளையார் அழித்தார் என்றோ, அக்கா அழித்தார் என்றோ மாற்றிவிடாதீர்கள். பிள்ளையாரை அங்கே உட்காரவைத்தது நான்.