தெற்கு மூலையில் இருபத்துநாலு

2025 ஜூன் 13, வெள்ளிக்கிழமை. காலை 5.40க்கு ஸ்கூட்டரை நிறுத்தினேன். 5.45க்கு கம்ப்ரசர் அழுத்தத்தை எழுதினேன். 5.50க்கு பிரைன் டாங்கின் தெற்கு மூலையில் ஒரு குவளை மொண்டு, உப்பின் அளவைக் காட்டும் ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டேன். இருபத்துநாலு. தேவை இருபதுதான். ‘நன்று’ என்று குறித்தேன். ஆறு மணிக்கு டீ.

நான் நெடுங்காட்டுக்காரி. வேதியியல் படித்துவிட்டு, காரைக்காலில் ஓர் ஐஸ் பிளாண்டில் இருபத்திரண்டு வருடமாக சூப்பர்வைசர். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நல்ல தண்ணீர் சுழியம் டிகிரியில் உறையும். போதிய உப்பு கரைந்த தண்ணீர் மைனஸ் பத்திலும் உறையாமல் ஓடும். அதுதான் பிரைன். நல்ல தண்ணீர் நிரப்பிய கேன்களை அதற்குள் இறக்கிவைத்தால் ஒரு நாளில் ஐஸ் கட்டி தயார். உப்பு குறைந்தால் பிரைனே குளிர்க்குழாயில் உறைந்து ஒட்டிக்கொள்ளும். கேனுக்குக் குளிர் போகாது.

மீன்பிடித் தடைக்காலம் மறுநாளோடு முடிகிறது. கிளிஞ்சல்மேட்டு விசைப்படகுக்காரர் மகாலிங்கம் அண்ணன் எண்பது கட்டி சொல்லியிருந்தார். சனிக்கிழமை காலை ஐஸ் ஏறாவிட்டால், இரண்டு மாதம் கரையில் கிடந்த அவர் படகு முதல் நாளும் கரையிலேயே கிடக்கும்.

6.30க்கு ஆபரேட்டர் செல்வராசு ஒரு கேனைத் தூக்கிக் கவிழ்த்தார். வழுக்கி வந்த கட்டி தரையில் உடைந்தது. உள்ளேயிருந்த தண்ணீர், பார்க்க வந்திருந்த மகாலிங்கம் அண்ணனின் கைலியை நனைத்தது.

“என்னம்மா, ஐஸ் கேட்டா நொங்கு தர்றீங்க?”

“ரீடிங் சரியா இருக்குண்ணே.” நோட்டைத் திறந்து காட்டினேன்.

“நோட்டையா மீன் மேல கொட்டுறது?”

செல்வராசு டாங்கின் வடக்குக் கோடிக்குப் போய் விரலை நனைத்து நாக்கில் வைத்தார். “மேடம், எங்க வீட்டு ரசத்துலகூட இதவிட உப்பு இருக்கும்.”

“அந்த ரசத்த குடிச்சிட்டா நீ உசுரோட இருக்க?” என்றார் மகாலிங்கம் அண்ணன்.

ஹைட்ரோமீட்டரை அங்கே மிதக்கவிட்டேன். பதினொன்று. மற்ற இரண்டு மூலைகளிலும் பன்னிரண்டைத் தாண்டவில்லை.

வாசல் தெற்கே இருப்பதால் உப்பு மூட்டைகளை அந்த மூலையிலேயே கொட்டுவார்கள். தண்ணீரைச் சுழற்றும் அஜிடேட்டரின் ஓட்டம் அங்கே எட்டாது. கொட்டிய உப்பு கரையாமல் அடியில் குவிந்துகிடந்தது. அதைச் சுற்றியிருந்த தண்ணீர் மட்டும் தன்னால் முடிந்தவரை உப்பைக் கரைத்துக்கொண்டது. தினமும் நான் மொண்டது அந்தத் தண்ணீரை. இன்னும் மோசம்: திங்கட்கிழமை இருபத்துநாலைப் பார்த்துவிட்டு, உப்பு அதிகம் என்று ஆறு டிரம் நல்ல தண்ணீர் ஊற்றச் சொல்லியிருந்தேன்.

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

“அன்னிக்கே கேட்டேன், நிச்சயமாத்தான் சொல்றீங்களான்னு,” என்றார் செல்வராசு. “செவப்பு மையில கோடு போட்டுக் குடுத்தீங்க. இப்ப வெந்நி காய்ச்சி ஊத்துவமா? சீனி மாதிரி நெறையக் கரையுமில்ல?”

“சீனிதாங்க சூட்டுல நெறையக் கரையும். உப்பு வெந்நீர்லயும் கிட்டத்தட்ட அதே அளவுதான். இருக்குற குளிரும் போயிடும். டாங்க் தண்ணியையே டிரம்முல மொண்டு, அடியில கெடக்குற உப்ப அள்ளிப் போட்டுக் கலக்கி ஊத்தணும். ஆளு நெறைய வேணும்.”

மகாலிங்கம் அண்ணன் போன் போட்டார். கால் மணி நேரத்தில் எட்டுப் பேர் துடுப்போடு வந்து இறங்கினார்கள். டிரம்முக்கு இரண்டு பேர். “கடலுக்குப் போறவன இங்க கடல் செய்ய வச்சிட்டீங்களே!” என்று ஒருவர் கத்தினார். இன்னொருவர் ஏலேலோ போட, செல்வராசு சுருதி சேராமல் எதிர்ப்பாட்டுப் பாடினார். உப்புத்தண்ணீர் தெறித்து என் கண்ணாடி வெள்ளையாகிவிட்டது. துடைத்துத் துடைத்து ரீடிங் சொன்னேன். மகாலிங்கம் அண்ணன் அதையே மீன் ஏலமாக்கினார்.

“வடக்கு மூலை பதினாறு!”

“பதினாறு ஒருதரம்! பதினெட்டுக்கு யாரு? கலக்குங்கடா!”

10.20க்கு நான்கு மூலைகளிலும் இருபது. குழாயில் ஒட்டியிருந்த பனி உருகி விலகியது. எட்டுப் பேரும் பந்தயம் ஜெயித்தவர்கள்போல் கடையில் டீ குடித்தார்கள், ஒன்பதாவதாக நானும்.

ஹைட்ரோமீட்டர் பொய் சொல்லவில்லை. நான் கேட்ட இடத்தைப் பற்றி மட்டும் பதில் சொன்னது. டாங்க் முழுவதும் ஒரே அளவாகக் கரைந்திருக்கிறதா என்பதை, டாங்கைச் சுற்றி நடந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

சனிக்கிழமை காலை 6.10க்கு முதல் வேலையாக வடக்குக் கோடிக் கேனைக் கவிழ்த்தோம். கட்டி முழுசாக வழுக்கி வந்து நின்றது. மகாலிங்கம் அண்ணன் அதைச் சுற்றிவந்து, மாட்டைத் தட்டுவதுபோல் இரண்டு தட்டு தட்டினார்.

“ஏத்துங்கடா!”