தீப்பெட்டியில் வராத முள்

எங்கள் வீட்டில் முட்டை சேர்த்த கேக்கைக்கூட வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்த நான் ஏழு வருடம் வெள்ளிக்கிழமைதோறும் கண்மாயில் மீன் பிடித்தேன். பிடித்ததில் ஒன்றைக்கூடத் தின்னவில்லை. இதைச் சொன்னால் மீன் தின்பவர்கள் சிரிப்பார்கள், தின்னாதவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இரண்டும் நியாயம்தான்.

வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், வேலை ராஜபாளையத்தில். நூற்பாலை ஒன்றில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். வாரத்தில் ஆறு நாள் மெஷின் சத்தம், ஞாயிறு மட்டும் சாயங்கால ஷிப்டு, வெள்ளி லீவு. கூட வேலை பார்த்த செட்டியார்பட்டி நண்பன், கிறிஸ்தவன், மீன் இல்லாவிட்டால் சோறு இறங்காதவன். ஒரு வெள்ளிக்கிழமை பேச்சுத்துணைக்கு என்னைக் கண்மாய்க்குக் கூட்டிப்போனான். அங்கே பேச்சே தேவைப்படவில்லை. தக்கை அமுங்கும்வரை தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம், யாரும் எதற்கு என்று கேட்க மாட்டார்கள். அடுத்த வாரமே எனக்கென்று ஒரு தூண்டில் வாங்கிவிட்டேன். அம்மாவிடம் "அய்யனார் கோவில் பக்கம் போய்ட்டு வாரேன்" என்று சொல்வேன். கண்மாய் அந்தத் திசையில்தான் இருந்தது என்பதால் அதைப் பாதிப் பொய் என்று வைத்துக்கொண்டேன்.

மீனை விட எனக்குப் பழக்கமானவை பறவைகள்தான். நீர்க்காகம் தண்ணீர் வழிந்தோடும் கலுங்குப் பக்கம் முங்கி, என் தக்கைக்கு ஒரு முழம் தள்ளி எழும். எழுந்து, இங்கே என்ன செய்கிறாய் என்கிற மாதிரி ஒரு பார்வை பார்க்கும். கறுப்பு வெள்ளை மீன்கொத்தி அந்தரத்தில் நின்ற இடத்திலேயே சிறகடித்து, கல் போல விழும். ஒருநாள் நாங்கள் மீன் போட்டு வைக்கும் பச்சைத் துணிப்பைக்குள் தலையை விட்ட கொக்கு, பையின் காதில் தலை மாட்டி, பையோடு கரை ஏறி ஓடியது. நாங்கள் இரண்டு பேரும் அதன் பின்னால் ஓடினோம். மார்கழியில் விராலடிப்பான் என்கிற பெரிய பருந்து வரும். கால் இரண்டையும் முன்னால் நீட்டிக்கொண்டு அது தண்ணீரில் பாயும்போது கரையில் இருப்பவனுக்கே நெஞ்சு அதிரும். என் நண்பனுக்கு இவை எல்லாமே "கள்ளப்பய பறவை". அவனுடைய மீனை அவை தின்கின்றனவாம்.

கருடன் மட்டும் எனக்கு வேறு. செம்மண் நிற உடம்பு, வெள்ளைக் கழுத்து. அதைக் கண்டால் இரண்டு கையாலும் கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் வீட்டில் பேச்சு வருவதற்கு முன்பே வந்துவிடும் பழக்கம். முதல் தடவை கண்மாய் மேல் கருடன் வட்டமிட்டபோது என் தூண்டிலில் நல்ல மீன் இழுத்துக்கொண்டிருந்தது. நான் இரண்டு கையையும் விட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். கம்பு தண்ணீரோடு போய்விட்டது.

"ஏலே, இனிமே கும்புடுறதுக்கு முன்னால கம்பக் கால்ல மிதிச்சுக்கோ," என்றான் நண்பன். சிரித்துச் சிரித்து அவனுக்கு இருமல் வந்துவிட்டது.

அதன் பிறகு மிதித்துக்கொண்டுதான் கும்பிட்டேன். போதாதற்கு ஒரு வழக்கமும் ஏற்படுத்திக்கொண்டேன். கருடன் தலைக்கு மேல் வந்தால் ஒரு ஜிலேபி மீனை எடுத்துத் தண்ணீரில் வீசுவேன். அது தாழ வந்து, நனையாமல், காலால் அள்ளிக்கொண்டு போகும். பெருமாளின் வாகனத்துக்கே படியளக்கிறேன் என்று ஒரு கர்வம் எனக்கு இருந்தது. இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

மீனின் உதட்டில் மாட்டிய தூண்டில் முள்ளை நான் கழற்றிவிடுவேன். சில மீன்கள் முள்ளை விழுங்கிவிடும். அவற்றின் தொண்டைக்குள் விரலை விட என்னால் முடியாது. கோவில் தீர்த்தம் வாங்குகிற கை என்று ஒரு நினைப்பு. அதனால் வாய்க்கு வெளியே ஒரு சாண் தூண்டில் நரம்பை விட்டு நகவெட்டியால் வெட்டி, மீனை அப்படியே பைக்குள் போட்டுவிடுவேன். நண்பனின் மனைவி மீன் அறுக்கும்போது முள்ளை எடுத்து வைப்பாள். மறுநாள் அவன் தீப்பெட்டியில் போட்டு மில்லுக்குக் கொண்டுவந்து தருவான்.

போன வருடம் ஒரு சனிக்கிழமை தீப்பெட்டியைத் திறந்தேன். இரண்டு முள் இருந்தது.

"நேத்து மூணுல்ல வெட்டுனேன்," என்றேன்.

"எல்லா மீனையும் ரெண்டு தடவ பாத்தாச்சு. அம்புட்டுதான் இருந்துச்சு."

முந்தின நாள் கருடன் நேரம் கழித்து வந்தது. பைக்குள் கையை விட்டு, கைக்கு வந்ததை எடுத்து வீசியிருந்தேன். அது பறந்து போகும்போது காலுக்குக் கீழே ஏதோ மினுங்கியதும் ஞாபகம் வந்தது. மீனின் செதில் என்று நினைத்திருந்தேன்.

நான் சொல்லாமலே நண்பனுக்குப் புரிந்துவிட்டது. "அது கிழிச்சுல்ல திங்கும். முள்ளத் துப்பிருக்கும், விடு," என்றான். சிரிக்காமல் சொன்னான். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை கருடனைப் பார்த்த பிறகுதான் அம்மா சாப்பிடுவாள். மொட்டை மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவாள். வழக்கமாகப் பத்து மணிக்குள் ஒன்று வந்துவிடும். அன்று பன்னிரண்டாகியும் வரவில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு, மாத்திரை போட வேண்டும். நான் தட்டோடு மேலே போனேன்.

"அவிய வரட்டும், செத்த நேரம்," என்றாள். கருடனை அம்மா மரியாதையாகத்தான் சொல்வாள்.

ஒரு மணியானது. அம்மா நெற்றி வேர்வையை முந்தானையால் துடைத்துக்கொண்டாள், தட்டைத் தொடவில்லை. கண்மாயிலிருந்து எங்கள் வீட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். கருடனுக்கு அது ஒரு தூரமா?

"அம்மா, நான் வெள்ளிக்கெழம போறது அய்யனார் கோவிலுக்கு இல்ல."

"தெரியும். ஏழு வருசமாக் கோவிலுக்குப் போறவன் ஒருநாளாச்சும் ஒரு தேங்கா மூடி கொண்டாந்திருக்கியா?"

எல்லாவற்றையும் சொன்னேன். மீன் பிடித்ததைக் கேட்டபோது அவள் முகம் மாறவில்லை. முள்ளைச் சொன்னதும் மாறியது.

"அவிய தொண்டையிலயா?"

"தெரியலம்மா."

அவள் வானத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள். இரண்டு மணியை நெருங்கும்போது கோபுரத்துக்கு மேற்கே ஒரு கருடன் வந்தது. அம்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். பழக்கத்தில் என் கைகளும் கன்னத்துக்குப் போயின.

"நீ கும்புட வேண்டாம். நான் கும்புட்டுக்கிடுதேன். நீ வாயில நரம்பு தொங்குதான்னு பாரு."

பார்த்தேன். வெயிலில் கண்ணில் நீர் கட்டியது. அது மிக உயரத்தில் சுற்றியது. தூண்டில் நரம்பு கண்ணுக்குத் தெரியக் கூடாது என்றுதான் கடையில் தேடித் தேடி வாங்குவோம். ஒரு முழத் தண்ணீரில் மீனுக்கே தெரியாதது, அவ்வளவு உயரத்தில் எனக்கு எப்படித் தெரியும்?

"என்னலே, தொங்குதா?"

"இல்லம்மா."

அதைக் கேட்ட பிறகுதான் அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கீழே இறங்கிப் போய்ச் சாப்பிட்டு மாத்திரை போட்டாள்.

தூண்டிலை நண்பனிடம் கொடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மாடியில் நின்று பார்க்கிற வேலை மட்டும் இன்றுவரை என்னுடையதுதான். கருடன் வந்ததும் அம்மா கையை உயர்த்திவிட்டு, என் வாயைப் பார்த்தபடி நிற்கிறாள். நான் வானத்தைப் பார்த்து "இல்லம்மா" என்கிறேன்.