அஞ்சுகத்தின் பதின்மூன்றாம் வகுப்பு

அஞ்சுகத்தின் கருமாதிப் பந்தலில் கடைசிப் பந்தி எழுந்து கைகழுவிக்கொண்டிருந்த மத்தியான வேளையில்தான் அந்தச் செய்தி வந்தது. கோட்டுச்சேரிப் பள்ளித் தலைமையாசிரியை மங்கையர்க்கரசி, அஞ்சுகத்தின் கணவன் நடராசனிடம் துக்கம் விசாரித்துவிட்டுத் தயங்கியபடி சொன்னார்.

"பதிமூணாம் வகுப்பு நம்ம பள்ளிக்கூடத்துக்கே வருதுங்க. உத்தரவு வந்துடுச்சு."

ப்ளஸ் டூவுக்கும் கல்லூரிக்கும் நடுவில் ஓர் ஆயத்த ஆண்டு, விரும்பும் மாநிலங்கள் தொடங்கலாம் என்று டெல்லி அறிவித்ததிலிருந்து ஊரே இரண்டுபட்டுக் கிடந்தது. காரைக்காலில் வரும், நண்டலாற்றுப் பாலம் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போனால் கிடையாது என்று பேச்சு. பத்தாவது முடித்த மகள் கவியாவைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் பொறையாரில் தன் தங்கை எழில்மதி வீட்டில் விட்டுப் படிக்கவைத்தால் ஒரு வருஷம் மிச்சம் என்பது நடராசனின் திட்டம். அஞ்சுகத்துக்கோ மகளை அனுப்ப மனமில்லை.

அஞ்சுகம் நன்றாக இருந்தபோது, இதைப் பேசப் பள்ளியில் கூட்டிய பெற்றோர் கூட்டத்தில் நடராசன்தான் முதலில் எழுந்தான்.

"பொறையாத்துப் பிள்ளைங்க காலேஜுக்குப் போறப்ப எம் பொண்ணு இன்னும் யூனிபார்ம்ல நிக்கணுமா?"

கைதட்டல் அடங்குமுன் பின்வரிசையில் அஞ்சுகம் எழுந்தாள்.

"நானும் காலேஜ் போனவதாங்க. இங்கிலீஷ்ல என்ன நடத்துறாங்கன்னே புரியாம ஒரு வருஷம் கடைசி பெஞ்சுல உக்காந்துட்டு, நின்னுட்டேன். என் பதிமூணாம் வகுப்பு அதுதான்."

"அதனாலதான் எனக்கு வாக்கப்பட்டா," என்றான் நடராசன். கூட்டம் சிரித்தது.

"அந்த நஷ்டத்தையும் சேத்துத்தாங்க சொல்றேன்," என்றாள் அவள். இம்முறை சிரிப்பு அடங்க நேரமாயிற்று. "வகுப்பு வரட்டும். ஆனா டவுனுக்குப் போகாம இங்கயே வரட்டும். மண்டபத்தூர்ப் பிள்ளைங்க நம்ம ஸ்கூலுக்கு வர்றதே பெரும்பாடு."

அதுவே கூட்டத்தின் தீர்மானமாக மேலிடத்துக்குப் போனது. பதில் வருவதற்குள், காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

இப்போது கருமாதிப் பந்தலில் எழில்மதி மெல்ல ஆரம்பித்தாள்.

"தாயில்லாத புள்ளையாயிட்டா. இனி என்னண்ணே, என்கூட அனுப்பிடு."

நேற்றுவரை நடராசனும் அப்படித்தான் நினைத்திருந்தான்.

"இல்லம்மா. இங்கதான் படிப்பா. பதிமூணும் படிப்பா. அவ அம்மா கேட்டு வாங்குன வகுப்பு."

"ஒரு வருஷம் வீணாப் போயிடுமே?"

"காலேஜ்ல போயி முழிக்கிறதுக்கு, இங்க உக்காந்து நல்லாக் கத்துக்கிட்டே போகட்டும்."

பந்தல் மூலையில் நின்றிருந்த கவியா நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். அத்தையின் முகத்தை அவள் பார்க்கவில்லை.

பள்ளி திறக்கும் நாள் நெருங்கிவிட்டது. காய்ச்சலில் படுக்கும்வரை, கவியா வளர்ந்துவிட்டாள் என்று அவளுடைய சீருடைக் கால்சட்டையைப் பிரித்து, நீளம் கூட்டித் தைத்துக்கொண்டிருந்தாள் அஞ்சுகம். அது இன்னும் தையல் மெஷின் மேலேயே கிடந்தது. வலது காலைத் தைத்து முடித்திருந்தாள். இடது கால் பிரித்தபடியே இருந்தது.